மின்ஸ்கூட்டருக்கு லித்தியம் பேட்டரி: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மதுரையில் மின்ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி மாற்றித் தரும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். லெட் ஆசிட் பேட்டரியோடு வாங்கிய வேகம் குறைந்த ஸ்கூட்டர்களை, அந்த பேட்டரி ஓய்ந்துபோனதும் லித்தியத்துக்கு மாற்றலாமா என்று கேட்டு வருகிறவர்களே மிகுதி. அவர்களுடைய சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களை ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன்.

லெட் ஆசிட் மலிவாகக் கிடைக்கிறதே, லித்தியத்துக்கு ஏன் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்?

முதல் வித்தியாசம் எடை. ஸ்கூட்டரில் போடும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். 60 வோல்ட் வண்டியில் அப்படி ஐந்து, ஆக 35 கிலோ. அதே அளவு லித்தியம் பேட்டரி, வகையைப் பொறுத்து 10 முதல் 15 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது. லெட் ஆசிட்டின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு, மின்சாரத்தைப் பல மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. ஸ்கூட்டர் அதை ஒன்றிரண்டு மணி நேரத்தில் உறிஞ்சிவிடுவதால் அச்சிட்டதில் ஒரு பெரும்பகுதி கைக்கு வருவதே இல்லை. தினமும் அடிவரை இறக்கி ஏற்றினால் லெட் ஆசிட் சில நூறு முறைகளில் ஓய்ந்துவிடும். எல்எஃப்பி என்ற லித்தியம் வகையில் நல்ல பேட்டரி 2000 முறைக்கு மேல் தாங்கும். வாரத்துக்கு ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்கு மட்டும் வண்டி வைத்திருப்பவர் லெட் ஆசிட்டிலேயே இருந்துவிடலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். தினமும் ஓட்டுகிறவருக்கு லித்தியம்தான் கணக்கில் மலிவு.

வோல்ட், ஏஹெச், ஆம்பியர் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். நான் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மூன்றையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள். வோல்ட் எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் மோட்டாரும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் ஏற்கனவே முடிவு செய்துவிட்டன. அதில் உங்களுக்குத் தேர்வு இல்லை. ஏஹெச், அதாவது ஆம்பியர்-மணி, நீங்கள் ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. ஆம்பியர் என்பது மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கும் மின்னோட்டம். அதைத் தாங்கும்படி பேட்டரி கட்டப்பட்டிருக்க வேண்டும். கடையில் ஏஹெச்சை மட்டும் பேசி விலை படிவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். எத்தனை ஏஹெச் வேண்டும்?

வோல்ட்டை ஏஹெச்சால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 60 வோல்ட், 24 ஏஹெச் என்றால் 1440 வாட்-மணி, வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 1.44 யூனிட். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் மட்டும் போகும் சிறு ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 20 முதல் 25 வாட்-மணி எடுக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மேம்பாலங்கள் ஏறி, வேகமாகவும் போகும் வண்டி 30, 35 வரை எடுக்கும்.

உங்களுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டருக்கு 1000 வாட்-மணி. பேட்டரியை தினமும் அடிவரை வடிக்கக் கூடாது, வயதாக ஆகக் கொள்ளளவும் குறையும் என்பதால், இதை 0.8ஆல் வகுத்தால் 1250 வருகிறது. 60 வோல்ட் வண்டிக்கு அது 21 ஏஹெச்; எனவே 24 ஏஹெச் பேட்டரி பொருத்தமானது. முப்பதோ நாற்பதோ வாங்கினால் தவறில்லை, ஆனால் ஓடாத கிலோமீட்டருக்குக் கொடுக்கும் அந்தப் பணத்தை பேட்டரிக்குள் கோத்திருக்கும் நல்ல செல்களுக்கும், அவற்றைக் காவல் காக்கும் நல்ல பிஎம்எஸ் பலகைக்கும் கொடுப்பதே மேல்.

எல்எஃப்பி நல்லதா, என்எம்சி நல்லதா?

இரண்டும் லித்தியம் பேட்டரிகளே. நேர்முனையில் உள்ள பொருள்தான் வேறு. எல்எஃப்பியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டும், என்எம்சியில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ஆக்சைடும் இருக்கின்றன. ஒரு எல்எஃப்பி செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.65. என்எம்சிக்கு அவை 3.6, 4.2. ஒரே எடையில் என்எம்சி அதிக மின்சாரத்தைத் தேக்கும். எல்எஃப்பியோ நீண்ட நாள் உழைக்கும், வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால், செல் சூடேறிக் கெட்டாலும் தீயை வளர்க்கும் ஆக்சிஜனை அது எளிதில் விட்டுவிடாது.

சித்திரை வெயிலில் சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் எல்எஃப்பியைச் சொல்கிறேன் என்பது புரியும். வெயிலில் நிறுத்திய வண்டியின் பேட்டரிப் பெட்டிக்குள் வெளிவெப்பத்தைவிடக் கூடுதல் சூடு இருக்கும். பெட்டியில் இடமே இல்லை, அல்லது பேட்டரியைக் கழற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றால் மட்டும் என்எம்சி. மற்றபடி நம் ஊர் வெப்பத்துக்கு எல்எஃப்பியே என் முடிவு. இந்த பாஸ்பேட் வழிக்கு அடித்தளமிட்ட ஆய்வை, 1980களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃப்புடன் சேர்ந்து செய்தவர் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019இல் குடினஃப் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே. பேட்டரி மாற்ற வரும் மாணவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

என் வண்டி 48 வோல்ட். ஒருவர் 13 சீரிஸ் என்கிறார், இன்னொருவர் 16 சீரிஸ் என்கிறார். எது சரி?

சீரிஸ் என்பது வரிசையாகக் கோத்திருக்கும் செல் தொகுதிகளின் எண்ணிக்கை. 13 என்பவர் என்எம்சியைச் சொல்கிறார். முழு சார்ஜில் அது 54.6 வோல்ட். 16 என்பவர் எல்எஃப்பியைச் சொல்கிறார்; அது 58.4 வோல்ட். என்எம்சியில் 14 சீரிஸும் உண்டு, அது 58.8. நான்கு லெட் ஆசிட் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது தொடும் மின்னழுத்தமும் ஏறக்குறைய இந்த 58.8 என்பதால், எல்எஃப்பி 16 சீரிஸ் பழைய கன்ட்ரோலருக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 15 சீரிஸ் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தொகுதிக்கான செலவு மிச்சம், ஆனால் வண்டியின் வேகம் சற்றுக் குறையும். 60 வோல்ட் வண்டிக்கு எல்எஃப்பியில் 20 சீரிஸ் (முழு சார்ஜில் 73 வோல்ட்), என்எம்சியில் 17 சீரிஸ் (71.4 வோல்ட்) என்று கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே விரல் பருமனில் உருளையான கெபாசிட்டர்கள் நிற்கும். 48 வோல்ட் கன்ட்ரோலர்களில் அவற்றின் மேல் பெரும்பாலும் 63 வோல்ட் என்று எழுதியிருக்கும். பேட்டரியின் முழு சார்ஜ் மின்னழுத்தம் அந்த எண்ணைத் தாண்டவே கூடாது.

புது பேட்டரி போட்டதிலிருந்து மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி பட்டென்று அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் மறுபடி ஓடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, பிஎம்எஸ் தன் வேலையைச் செய்கிறது. பிஎம்எஸ் என்பது பேட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை. ஒவ்வொரு செல் தொகுதியின் மின்னழுத்தத்தையும், வெளியே போகும் மின்னோட்டத்தையும், வெப்பத்தையும் கவனித்து, எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்களிடம் இப்படி வந்த ஒரு வண்டியில் கன்ட்ரோலர் 28 ஆம்பியர் வரை இழுத்தது, பேட்டரியில் இருந்ததோ 20 ஆம்பியர் பிஎம்எஸ். சமதளத்தில் 8, 10 ஆம்பியர்தான் ஓடும் என்பதால் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை.

கன்ட்ரோலரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் உச்ச மின்னோட்டம் எழுதியிருக்கும். சீட்டு அழிந்துபோயிருந்தால், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை பேட்டரியின் சிவப்பு வயரில் மாட்டி, ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து மேடு ஏறிப் பாருங்கள். அந்த எண்ணைப் போல ஒன்றே கால் மடங்கு முதல் ஒன்றரை மடங்கு வரை தொடர்ந்து தரக்கூடிய பிஎம்எஸ் வேண்டும். விற்பவர் சொல்லும் ஆம்பியர் தொடர்ச்சியானதா, சில நொடிகளுக்கு மட்டுமானதா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பழைய சார்ஜர் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா?

கூடாது. மின்னழுத்தம் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மேலே நான் சொன்னதை வைத்துக்கொண்டு பலர் இதைச் செய்கிறார்கள். லெட் ஆசிட் சார்ஜர் நிரம்பிய பிறகும் சிறு மின்னோட்டத்தை விட்டுக்கொண்டே இருக்கும்; சில சார்ஜர்கள் தகட்டைச் சுத்தப்படுத்த இடையிடையே மின்னழுத்தத்தை உயர்த்தியும் கொடுக்கும். லித்தியத்துக்கு இவை இரண்டும் கேடு. பிஎம்எஸ் துண்டித்துக் காப்பாற்றும் என்பது உண்மையே, ஆனால் அது கடைசித் தடுப்பு. தினமும் அதன் மேல் மோதினால் ஒருநாள் அதுவும் கெடும்.

புது சார்ஜரின் வெளியீட்டு மின்னழுத்தம் பேட்டரியின் முழு சார்ஜ் எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் ஏஹெச் எண்ணில் பாதிக்கு மேல் போக வேண்டாம். 24 ஏஹெச்சுக்கு 6 ஆம்பியர் போதும், நான்கைந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தால் ஒரே வகை பிளக் இரண்டிலும் நுழையும். அதனால் சார்ஜரிலும் அதற்குரிய பேட்டரியிலும் மார்க்கர் பேனாவால் 58.4, 73 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

பென்சில் செல் மாதிரி இருப்பது நல்லதா, பெட்டி மாதிரி இருப்பது நல்லதா?

உருளை செல்கள் எஃகுக் குவளைக்குள் இருப்பதால் குலுங்கலைத் தாங்கும். ஆனால் பேட்டரியில் பல டஜன் செல்களையும் அவற்றின் பற்றவைப்புகளையும் நம்ப வேண்டியிருக்கிறது. பெட்டி செல்களில் இணைப்புகள் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் அவை வீங்காமல் இருக்க இருபுறமும் தகடு வைத்து இறுக்க வேண்டும், போல்ட்டுகள் தளராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டருக்கு 32700 என்ற அளவுள்ள எல்எஃப்பி உருளை செல்லையே நான் விரும்புகிறேன். 32 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அந்த செல் ஒன்றின் கொள்ளளவு 6 ஏஹெச்.

இரண்டு கடையிலும் 60 வோல்ட் 30 ஏஹெச்தான். ஒருவர் பாதி விலைக்குத் தருகிறாரே, எப்படி?

சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு பேட்டரியைத் திறந்தேன். ரசீதில் 30 ஏஹெச் என்று இருந்தது. உள்ளே ஒவ்வொரு தொகுதியிலும் மேலே சொன்ன 6 ஏஹெச் செல்கள் நான்குதான், அதாவது புதிதாக இருந்தாலே 24. ஆனால் அவை புதியவையும் அல்ல. மேல் உறையை நகத்தால் கீறியபோது அதற்கடியில் இன்னொரு உறை தெரிந்தது. செல்களை இணைத்த பட்டைகளின் ஓரங்களில் துரு ஏறியிருந்தது. அதை வாங்கியவர் காய்கறி விற்பவர். மூன்று மாதச் சேமிப்பை அதில் போட்டிருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

துரு என்பது தெளிவான தடயம். சுத்தமான நிக்கல் பட்டை துருப்பிடிக்காது. இரும்பின் மேல் நிக்கல் முலாம் பூசியதுதான் பிடிக்கும். அதன் மின்தடை அதிகம் என்பதால் மேடு ஏறும்போது பட்டையே சூடாகும். கட்டித் தருபவரிடம் அரை விரல் நீளத் துண்டு கேட்டு வாங்கி, அரத்தால் தேய்த்து, உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். எது என்று தெரிந்துவிடும். செல் யாருடைய தயாரிப்பு, எப்போது தயாரானது, தொகுதிக்கு எத்தனை, பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் ஆகிய நான்கையும் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

இரு, மூன்று சக்கர மின்வாகன பேட்டரிகளுக்கான இந்தியத் தரநிலை ஏஐஎஸ்-156. 2022இல் அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு அது கடுமையாக்கப்பட்டு, புதிய விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. சான்று பெற்ற பேட்டரி கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால், தனியாகக் கட்டுவதைவிட அதையே வாங்குங்கள். பட்டறையில் பேட்டரி கட்டும் நானே இதைச் சொல்கிறேன்.

சொன்ன ஏஹெச் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். சுவர் பிளக்கில் மாட்டி யூனிட் காட்டும் சிறு மீட்டர்கள் விற்கின்றன. பேட்டரி தானாகத் துண்டிக்கும்வரை வீட்டருகிலேயே சுற்றி ஓட்டுங்கள். பிறகு அந்த மீட்டர் வழியாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். எல்எஃப்பி 20 சீரிஸ், 24 ஏஹெச் என்றால் 64 வோல்ட் கணக்கில் 1.54 யூனிட் உள்ளே போக வேண்டும். சார்ஜரில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வெப்பமாகப் போய்விடுவதால் மீட்டர் 1.75 அளவில் காட்டும். 1.2தான் காட்டுகிறது என்றால் உங்களிடம் இருப்பது 16 ஏஹெச் பேட்டரி. வாங்கிய வாரத்திலேயே இதைச் செய்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தேய்மானத்தை அறியவும் அதுவே உதவும்.

மீட்டரில் முக்கால் காட்டியது, ஐந்து கிலோமீட்டரில் நின்றுவிட்டது. ஏன்?

வண்டியின் பழைய மீட்டர் மின்னழுத்தத்தைப் பார்த்தே கொள்ளளவை ஊகிக்கிறது. லெட் ஆசிட்டில் மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும். எல்எஃப்பியிலோ 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை செல் 3.3, 3.2 வோல்ட்டுக்கு இடையிலேயே நின்று, கடைசியில் மடமடவென்று விழும். ஆகவே அந்த முள்ளை நம்ப முடியாது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணும் மீட்டரோ, கைபேசியில் காட்டும் புளூடூத் பிஎம்எஸ்ஸோ வேண்டும்.

ஓடும் தூரமே நாளுக்கு நாள் குறைகிறது என்றால் காரணம் வேறு. ஏதோ ஒரு தொகுதி மட்டும் பின்தங்கிவிட்டது, அது 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும், மற்றவற்றில் சார்ஜ் இருந்தாலும் பிஎம்எஸ் துண்டித்துவிடுகிறது. தொகுதிகளைச் சமன்செய்யும் வேலையைப் பெரும்பாலான பிஎம்எஸ்கள் நிரம்பும் தறுவாயில்தான் செய்யும். எனவே எல்எஃப்பியை வாரம் ஒருமுறையாவது முழுதாக நிரப்பி, பச்சை விளக்கு வந்த பிறகும் ஓரிரு மணி நேரம், நீங்கள் விழித்திருக்கும்போது, விட்டு வைக்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் திறந்து அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் சார்ஜ் போடப் பயமாக இருக்கிறது. போடலாமா?

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதனால் இந்தப் பயத்தைத் தேவையற்றது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கூரையுள்ள திறந்த இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். வாசற்படியிலும் மாடிப்படி அடியிலும் போடவே கூடாது; தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். ஓட்டி வந்ததும் போடாமல் அரைமணி ஆறவிட்டுப் போடுங்கள்.

பேட்டரி வீங்கினாலோ, இனிப்பு கலந்த கரைப்பான் வாடை வந்தாலோ, சீறல் கேட்டாலோ அருகில் போகாதீர்கள். புகை நச்சுத்தன்மை உடையது. எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழைப்பதுதான் முதல் வேலை. எல்எஃப்பி பாதுகாப்பானது என்று மேலே சொன்னது ஒப்பீட்டளவில்தான். அதற்குள் இருக்கும் திரவமும் எரியக்கூடியதே.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. காயவைத்தால் போதுமா?

போதாது. ஏஐஎஸ்-156இன் புதிய விதிகள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் ஐபிஎக்ஸ்7 காப்பை பேட்டரிக்குக் கேட்கின்றன. பட்டறையில் கட்டிய பெரும்பாலான பேட்டரிகளுக்கு அது கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற பேட்டரி வெளியே காய்ந்து, வண்டியும் ஓடலாம். உள்ளே உப்பும் சேறும் பிஎம்எஸ்ஸை அரித்து, வாரங்கள் கழித்துக் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகலாம். சார்ஜ் போடாமல், வீட்டுக்கு வெளியே வைத்து, திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

12 வோல்ட் லித்தியம் பேட்டரி நான்கு வாங்கி, லெட் ஆசிட் இருந்த இடத்திலேயே மாட்டிவிடலாமே?

பொருந்தும், ஆனால் நல்லதல்ல. நான்கிலும் தனித்தனி பிஎம்எஸ் இருக்கும். ஒன்றின் நிலை மற்றொன்றுக்குத் தெரியாது. முன்பு சொன்ன சமன்செய்தல் ஒவ்வொன்றுக்குள்ளும் நடக்குமே தவிர நான்குக்கும் இடையில் நடக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒன்று துண்டிக்கும்போது மொத்த 50 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தமும் 12 வோல்ட்டுக்காகச் செய்த அந்த ஒரு பிஎம்எஸ்ஸின் மேல் விழும் என்பதுதான். அது எரிந்து இணைந்தபடியே நின்றுவிட்டால் அந்த பேட்டரிக்குக் காவலே இல்லை.

48க்குப் பதில் 60 வோல்ட் போட்டால் வேகம் கூடும் என்கிறார்களே?

கூடும். ஆனால் கெபாசிட்டர் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: அவற்றின் எல்லை பெரும்பாலும் 63 வோல்ட், 60 வோல்ட் பேட்டரியோ முழு சார்ஜில் 70ஐத் தாண்டும். அதற்கும் மேலாக, மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால்தான் உங்கள் வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. வேகத்தைக் கூட்டினால் அது பதிவில்லாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும். அதன் பிரேக்கும் சட்டகமும் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல. பதினாறு வயதுப் பையன்கள் ஓட்டும் வண்டிகளுக்கு இதைக் கேட்டு வருகிறார்கள். நாங்கள் செய்து தருவதில்லை. பதிவெண் உள்ள வண்டியாக இருந்தால் அதன் தயாரிப்பாளர் அனுமதித்த பேட்டரியைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

இருக்கிற லித்தியம் பேட்டரியோடு இன்னொன்றைச் சேர்த்து மாட்டினால் தூரம் இரட்டிப்பாகுமா?

இரண்டும் ஒரே வகை, ஒரே சீரிஸ், ஏறக்குறைய ஒரே வயது என்றால் மட்டும் முடியும். என்எம்சி 14 சீரிஸும் எல்எஃப்பி 16 சீரிஸும் முழு சார்ஜில் ஏறக்குறைய சமம் என்று மேலே பார்த்தோம். ஆனால் இறங்கும் விதம் வேறு என்பதால் அவற்றைச் சேர்க்கவே கூடாது. ஒரே வகை என்றாலும், ஒன்று நிரம்பியும் மற்றொன்று வடிந்தும் இருக்கும் நேரத்தில் இணைத்தால், நிரம்பியதிலிருந்து கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் பாயும். பிளக் உருகி ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தனித்தனியே முழுதாக நிரப்பி, மல்டிமீட்டரில் அளந்து, வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்கும்போதுதான் இணைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸும் வேண்டும்.

எளிய வழி, இரண்டையும் இணைக்காமல் மாற்றுச் சுவிட்ச் போட்டு, ஒன்று தீர்ந்ததும் வண்டியை நிறுத்தி மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்வது. அப்போது மேட்டில் தேவைப்படும் முழு மின்னோட்டத்தையும் ஒவ்வொரு பேட்டரியும் தனியாகவே தர வேண்டியிருக்கும் என்பதால், இரண்டின் பிஎம்எஸ் அளவையும் முன்பு சொன்ன கணக்குப்படி சரிபார்த்துவிட்டு சுவிட்சை வாங்குங்கள்.